எண்ணெயில் மிதந்தது

— வாசப்படிய தாண்டாதன்னு சொல்றேன்ல, அங்கியே நில்லு! இந்தாம்மா, நீ இன்னா, டீபீக்காரிய இம்மாங்கிட்ட கூப்ட்டு குந்த வக்கிற? உனக்கு பயமே கெடையாதா?

— பெரியவரே, இது லேபு. நாள் பூரா டீபீக்காரங்க எச்சில் டப்பாவைத் திறந்து பாக்கறதுதான் என் வேலை. நான் பயந்தா யார் பாக்கறது? நீங்க உள்ள வாங்க. ஆரோக்கியமேரி, நீயும் வாம்மா, ஸ்டூல் இருக்கு.

— வேணாம் நஸ்ருன்னிசா அக்கா. மாமா நிக்கிற எடத்துல நான் குந்தமாட்டேன். இங்கியே நிக்கிறேன். நீங்க சொல்றது காதுல வுழுந்தா போதும்.

— பாத்தியா, அவளுக்கே தெரிஞ்சிகீது. நீ சொல்லும்மா. முந்தாநாளு வந்து துப்பிட்டுப் போனாளே, நோவு கீதா இல்லியா? ஒரே பேச்சி. அக்பர் பாஷா டீக்கடையாண்ட நாலு பேரு முன்னால வாக்கு குடுத்துட்டு வந்துகீறேன். நோவு கீதுன்னா கொயந்த எங்கிட்டயே வளரும். இல்லேன்னா இவ தூக்கிக்கினு அவங்க குப்பத்துக்குப் போவட்டும். இந்த வடிவேலு வாக்கு மாறமாட்டான்.

— கைக்குழந்தையா?

— எட்டு மாசம். எம் பேத்தி, புஷ்பம். ரெண்டு மாசமா நாந்தான் பாத்துக்கறேன். எம் புள்ள கோதண்டன் லாரில ஊர் ஊரா சுத்தறான். இப்ப வூட்டாண்ட யாருமில்ல, பக்கத்து குடிச தாயம்மாகிட்ட வுட்டுட்டு வந்தேன். ஜல்தி சொல்லு.

— ஜல்தியா சொல்றதுன்னா, கேளுங்க. இல்லை. உங்க மருமகள் எச்சில்ல கிருமி இல்லை. ரெண்டு ஸ்லைடு போட்டேன். ரெண்டுலயும் இல்லை.

— மாதாவே! மாதாவே...

— ஏய், நிறுத்து ஒப்பாரிய! இரும்மா. இல்லைன்னா? ரெண்டு மாசத்துக்கு மின்னால இதே எடத்துல, இதே ஸ்டூல்ல குந்திக்கினு, "உங்க மருமவளுக்கு இருக்கு, பெரியவரே, குழந்தையை ஜாக்கிரதையா பாருங்க"ன்னு நீதானே சொன்ன? இப்ப இல்லைன்ற. எது மெய்? அவ அண்ணன்காரன் கூடையில வவ்வாலு மீனு எதுனா கொண்டாந்து வச்சிட்டுப் போனானா?

— தோபா தோபா. பெரியவரே, வார்த்தையை அளந்து பேசுங்க. நான் யார்கிட்டயும் மீன் வாங்கல.

— எங்கண்ணன் பத்து நாளா கடலுக்கே போவல மாமா. காத்து. மீனு எங்கேந்து வரும்?

— உங்கிட்ட கேட்டேனா? அவகிட்ட பேசிக்கினு கீறேன். பாரும்மா, நான் படிக்காதவன். மண்ணு லாரில கூடை தூக்கினவன். அப்பால ஆழ்வார்பேட்டையில ஒரு பங்களாவுல வாட்ச்மேன். என்ன ஏமாத்தாத ஆளே கெடையாது. ரேசன் கடைக்காரன் தராசுல கட்ட வெரல வச்சி ஏமாத்தினான். ஓட்டு கேக்க வந்தவன் காலத் தொட்டு ஏமாத்தினான். இவ வந்து எம் புள்ளைய பெசன்ட் நகர் மணல்ல குந்த வச்சி ஏமாத்தினா. இப்ப நீ கண்ணாடிய காட்டி ஏமாத்தற.

— ஏமாத்தல. நான் பாத்தேன், இல்லை. அவ்வளவுதான்.

— நீ பாத்தா? எனக்குக் காட்டு. எனக்குத் தெரிஞ்சா ஒத்துக்கறேன்.

— காட்டறேன், வாங்க. ஜன்னல் பக்கமா வாங்க, அங்கதான் வெளிச்சம். ஒரு கண்ணை மூடிக்கங்க.

— ஒண்ணு ஏற்கெனவே மூடித்தான் கீது. பூ வுழுந்துடுச்சி. இருக்கற ஒண்ணால பாக்கறேன். எதுல பாக்கணும், இந்த மேல் குழாயிலயா?

— ஆமா. அந்தக் குழாய்ல ஒரு கண்ணாடி பத்து மடங்கு காட்டும். கீழ இருக்குற இந்த நீளக் கண்ணாடி நூறு மடங்கு காட்டும். சேர்ந்தா ஆயிரம் மடங்கு.

— ஆயிரமா! என்ன அடியில படுக்க வச்சா எம்மாம்பெரிசு தெரிவேன்?

— உங்களைத் தாங்க கண்ணாடி பத்தாது. குனிஞ்சு பாருங்க. தொடாதீங்க.

— தோ... பாத்துட்டேன்! கறுப்பா, கோரப்புல்லாட்டம் நிக்குது வரிசையா! கீதே! இல்லைன்னியே!

— அது உங்க இமை முடி, பெரியவரே.

— எம் மயிர எனக்கே காட்றியா?

— அக்கா, நான் சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன். முடியல.

— சிரி, சிரி. வாசல்ல நின்னுக்கினு சிரி.

— கண்ணைக் கொஞ்சம் பின்னால எடுங்க. இமைக்காதீங்க. நான் இந்தத் திருகை மெல்லத் திருப்பறேன். மங்கலா இருக்கிறது தெளிவாகும்போது சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல... பாலு கலங்கினாப்புல கீது... ம்... ம்... அட! நீலம். நீலமா திட்டுத் திட்டா. துணி அலசின தண்ணியில நீலத்த கொட்டினாப்புல.

— அதெல்லாம் அவ சளியோட அணுக்கள். எல்லாருக்கும் இருக்கிறதுதான். இப்ப மெல்ல நகர்த்தறேன் பாருங்க.

— இன்னாடா இது, நீ இந்தப் பக்கம் தள்ற, அது அந்தப் பக்கம் ஓடுது! கண்ணாடி கூட சொன்ன பேச்சி கேக்கல.

— இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். இடது வலதாயிடும். பழகிடும்.

— பழகிடும்னு நீ சொல்ற. தலகீழா காட்ற சாமானத்த நம்பி ஒரு குடும்பத்த பிரிக்கிறீங்க, கூட்றீங்க. சரி, நீலம் இன்னாத்துக்கு? எச்சி வெள்ளையா தானே கீது?

— கிருமிக்குத் தனி நிறம் கிடையாது. அப்படியே பாத்தா தண்ணிக்குள்ள தண்ணி மாதிரி, ஒண்ணும் தெரியாது. அதனால சாயம் போடணும். கேளுங்க. எச்சில்ல கட்டியா இருக்கிற இடத்தைக் குச்சியால எடுத்து இந்தக் கண்ணாடித் துண்டு மேல மெலிசாத் தேய்ப்பேன். காஞ்சதும் நெருப்பு மேல காட்டுவேன், அப்படியே ஒட்டிக்கும். மேல சிவப்புச் சாயத்தை ஊத்தி ஆவி வர்ற வரைக்கும் சூடு பண்ணுவேன்.

— சாயப் பட்டறைன்னு சொல்லு.

— அதேதான். அப்புறம் ஆசிட் ஊத்துவேன். ஆசிட் பட்டா எல்லாத்துலேருந்தும் சிவப்பு கழண்டு போயிடும். டீபீ கிருமி மட்டும் விடாது. அதுக்கு மேல்தோல் மெழுகு மாதிரி, உள்ள போன சாயத்தைப் பிடிச்சுக்கும். கடைசியா நீலச் சாயம். அப்ப நீலத்துக்கு நடுவுல அது மட்டும் சிவப்பா நிக்கும். நீங்க சிவப்பைப் பாத்தீங்களா?

— இல்ல. நீ காட்ன எடத்துல இல்ல. நீ காட்டாத எடத்துல கீதோ இன்னாவோ. அது இன்னா, கண்ணாடித் துண்டு மேல பளபளன்னு சொட்டு? எண்ணெயா? தாளிக்கப் போறியா?

— செடார் எண்ணெய். பெருசு பண்ணப் பண்ண வெளிச்சம் பத்தாமப் போயிடும். நடுவுல காத்து இருந்தா வெளிச்சம் பக்கத்துல சிதறி ஓடிடும். எண்ணெய் இருந்தா நேரா உள்ள வரும். அதனால இந்த நீளக் கண்ணாடியோட மூக்கு எண்ணெய்க்குள்ள முங்கியிருக்கணும். அதுக்கப்புறம் ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் வரைக்கும், தரை மெழுகற மாதிரி, ஒரு இடம் விடாமப் பாத்துக்கிட்டே போவேன். உங்க மருமகளோடதை அப்படித்தான் பாத்தேன்.

— இரு... இருமல் வருது... கொஞ்சம் இரு...

— அக்கா, மாமாவுக்குத் தண்ணி குடுங்க. பானையில கீதா?

— இந்தாங்க, குடிங்க. பெரியவரே, உங்க இருமலையும் ஒரு தடவை பாக்கணும்.

— இது பீடி இருமல். முப்பது வருசமா கூட கீது, ரெண்டாம் பொண்டாட்டியாட்டம். அத்த வுடு. பேச்ச மாத்தாத. நான் கேக்கறது ஒண்ணுதான். அன்னிக்கி இருந்துச்சின்னியே, அது எங்க போச்சி?

— மாத்திரை சாப்பிட்டா, ஊசி போட்டா, கிருமி குறைஞ்சு போயிடும். ரெண்டு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டா எச்சில்ல தெரியாது. அதுதான் நடந்திருக்கும். அதுக்காக நிறுத்திடக் கூடாது மேரி, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல...

— அக்கா.

— என்னம்மா?

— நான் மாத்திர சாப்டல.

— என்ன?

— ஒண்ணு கூட முழுங்கல அக்கா. மொத ஊசிக்கு வந்தேன், வாங்கிக்கினு போன மாத்திரய அப்டியே கடல்ல கொட்டிட்டேன். கொயந்தைய புடுங்கிக்கினு என்ன வெளிய தள்ளிட்டாரு. பாலு கட்டிக்கிச்சி. நெஞ்சி கல்லா போயி, ராவுல மணல்ல குந்திக்கினு பீச்சி வுட்டேன். அப்பறம் எதுக்கு மாத்திர? செத்தா சாவட்டும்னு இருந்தேன். சாவும் வரல. இருமலும் நின்னுப் போச்சி, தானா.

— தோ பாரு, தோ பாரு! கேட்டியா? மாத்திரயும் சாப்டல, ஊசியும் இல்ல, நோவு மட்டும் காணாப்பூடுச்சாம். வேளாங்கண்ணி கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினாளாம், மாதா வந்து தொடச்சி வுட்டுட்டாளாம். இத்த நான் டீக்கடையில போயி சொன்னா சிரிப்பானுங்க. என்ன சேத்து சிரிப்பானுங்க!

— மேரி, உண்மையாவா சொல்ற? ஒண்ணுமே சாப்பிடலையா?

— கொயந்த மேல சத்தியமா அக்கா.

— கொயந்த மேல சத்தியம் பண்ணாத! எங்கொயந்த மேல நீ யாரு சத்தியம் பண்ண?

— பெத்தவ மாமா.

— பெத்தவ! பெரிய... இந்தாம்மா, ஏன் உம் மூஞ்சி மாறிப் போச்சி? பேசு.

— ஒண்ணுமில்லை. யோசிக்கிறேன். மருந்து இல்லாம ரெண்டு மாசத்துல இப்படி சுத்தமாப் போகாதே...

— அத்தாம்மா நானும் சொல்றேன். எனக்கு அந்த சனியன கண்ணால பாக்கணும். அன்னிக்கி கீதுன்னு சொன்னியே, அந்தக் கண்ணாடித் துண்டு எங்க? உடச்சிப் போட்டியா?

— இல்லை. கிருமி இருந்த ஸ்லைடை எல்லாம் பெட்டியில வச்சிருக்கோம். மேல இருந்து டாக்டர் வந்து செக் பண்ணுவார்.

— அப்போ எடு. அது இவளுதுன்னு எப்டித் தெரியும்?

— கண்ணாடி ஓரத்துல கீறி வச்சிருக்கேன். இதோ... இதுதான். பாருங்க, எண்ணெய் காஞ்சு பிசின் மாதிரி கெட்டியாயிடுச்சு. அன்னிக்குத் துடைக்காமயே பெட்டியில வச்சிருக்கேன். சரி. இதுக்கு மேலயே புதுசா ஒரு சொட்டு விடறேன். முதல்ல நான் பாக்கறேன், அப்புறம் நீங்க.

— இன்னா தெரியுது? கீதா?

— இருங்க.

— கீதா, இல்லியா?

— இருக்கு. சிவப்பா இருக்கு. பாருங்க. மெல்ல... இமைக்காதீங்க.

— ஆ... ஆமா! கீது! சேப்பு பொடவையில நூலு பிஞ்சி வுழுந்தாப்புல, துண்டுத் துண்டா. ஒண்ணு கொஞ்சம் வளஞ்சாப்புல. இதுவா? இந்தப் பொடிசா? இதுவா எம் பொண்டாட்டிய சாவடிச்சது?

— உங்க மனைவிக்கும் இதுதானா?

— மூணு வருசம். ஆத்தங்கர குடிசையில, கோப்பையில ரத்தமா துப்பித் துப்பி... கடைசில தூக்கினா கோழி வெயிட்டு கூட இல்ல. கூடவே குந்திக்கினு கெடந்தவன் நானு. அதனாலதாம்மா. அதனாலதான் இவளுக்குக் கீதுன்னு நீ சொன்ன அன்னிக்கே கொயந்தைய புடுங்கினேன். இவ மதத்துக்காவ இல்ல, மீனு நாத்தத்துக்காவ இல்ல. அது ஒரு பக்கம் இருந்துச்சி, இல்லைன்னு சொல்லல. ஆனா இதுக்காவத்தான்.

— பெரியவரே, ஒரு நிமிஷம். சிவப்பு தெளிவாத் தெரியுதுல்ல? அதே நேரத்துல, பக்கத்துல நீலம் எப்படித் தெரியுது?

— நீலம்... மங்கலா கீது. பொகையாட்டம்.

— இப்ப இந்தச் சின்னத் திருகைத் திருப்பறேன். நீலம் தெளிவானதும் சொல்லுங்க.

— ம்... தோ, நீலம் நல்லா தெரியுது. சேப்பு எங்க? காணோம். ஏம்மா, எங்க போச்சி?

— யா அல்லா.

— இன்னா யா அல்லா? எனக்குப் புரியறாப்புல சொல்லு.

— அவ சளி கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கு, அடி மட்டத்துல. அவ சளிக்குள்ள கிருமி இருந்தா நீலமும் சிவப்பும் ஒண்ணாத் தெளிவாகணும். இதுல சிவப்பு மேல இருக்கு, நீலம் கீழ இருக்கு. சிவப்பு சளியில இல்லை பெரியவரே. எண்ணெயில மிதக்குது.

— எண்ணெய் ஆரு ஊத்தினது?

— நான்தான்.

— எண்ணெயில எப்டி வந்துச்சி?

— இருங்க. சைலால் போட்டு இந்தப் பழைய எண்ணெயைக் கரைச்சு எடுத்துடறேன்... புது எண்ணெய் விடறேன்... வாங்க. இப்ப பாருங்க. நானே நகர்த்தறேன், நீங்க நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்.

— நீலம்... நீலம்... இல்ல... நகத்து... இல்ல... இன்னும் நகத்து... ஒண்ணுமில்ல. மொத்தமும் நீலம். இன்னா கண்கட்டு இது?

— கண்கட்டு இல்லை. தப்பு. என் தப்பு. ஒரு ஸ்லைடைப் பாத்து முடிச்சதும் இந்த மூக்கைப் பேப்பரால துடைக்கணும். துடைக்காம அடுத்த ஸ்லைடுல வச்சா, முதல் ஸ்லைடோட எண்ணெய், அதுல கழண்டு மிதக்கிற கிருமி, எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்து அடுத்ததுல இறங்கிடும். அன்னிக்கு நான் துடைக்கல.

— அக்கா... அப்போ எனக்கு?

— உனக்கு இல்லை மேரி. அன்னிக்கும் இல்லை. உனக்கு வந்தது வெறும் சளி இருமல்.

— ஏன் தொடைக்கல? பேப்பரு இல்லியா? கையி இல்லியா?

— பேப்பர் இருந்தது. கையும் இருந்தது. வாசல் வரைக்கும் டப்பா வரிசை. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு ஓட்டினேன். வேற காரணம் என்கிட்ட இல்லை.

— இல்லியா! ஓட்டினாளாம்! ரெண்டு மாசம்மா! பச்சக் கொயந்த பாலுக்குக் கத்தி கத்தி தொண்ட கட்டிப் போச்சி. புட்டிப் பாலு ஒத்துக்காம வயித்தால போயி, கண்ணு உள்ள போயி, நான் தெருத் தெருவா ஆட்டுப் பாலுக்கு அலஞ்சேன். இவ வந்து எங்குடிச எதுருல மூணு தபா நின்னா. மூணு தபாவும் வெரட்டினேன். நான் அப்பவே சொன்னேன், கண்ணாடி பொய் சொல்லும்னு! சொன்னேனா இல்லியா?

— சொல்லல மாமா.

— இன்னா?

— அப்போ நீங்க அப்டி சொல்லல. ரேசன் கடைக்காரன நம்பமாட்டீங்க, ஓட்டுக்காரன நம்பமாட்டீங்க, உங்க புள்ளயக் கூட நம்பமாட்டீங்க. அன்னிக்கி இந்தக் கண்ணாடி சொன்னத மட்டும் ஒரே வார்த்தையில நம்பினீங்க. வூட்டுக்கு வர்ற வரைக்கும் கூட பொறுக்கல. பஸ் ஸ்டாப்பாண்டயே கொயந்தைய இடுப்புலேந்து இழுத்தீங்க.

— ...இழுத்தேன். ஆமா. நான் இன்னா பண்ணுவேன்? படிச்சவ சொன்னா. இவ சொன்னா!

— நான் சொன்னதுதான். அதை டாக்டர்கிட்டயும் நானே சொல்லணும். இன்னிக்கே சொல்லிடுவேன். அவர் என்ன பண்ணாலும் சரி.

— இன்னா பண்ணுவாரு? சம்பளத்த புடிப்பாரு. எம் பேத்தி அழுதத ஆரு புடிப்பா? தள்ளு. அத்த வுடு. மொதல்ல ஒண்ணு சொல்லு. இவளுது இல்லன்னா அது ஆரோடது? அந்த சேப்பு நூலு? இவளுக்கு மின்னாடி எவனோ துப்பிகீறான்ல? எந்த பேமானி அவன்?

— அது... அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன். அவ ஸ்லைடுக்கு முன்னாடி பாத்த ஸ்லைடு. அது எனக்கு மறக்கவே மறக்காது பெரியவரே. நீலமே தெரியாத அளவுக்குச் சிவப்பு, அள்ளிக் கொட்டின மாதிரி. அந்த ஆளைத்தான் ரெண்டு மாசமா தேடறோம்.

— தேட்றீங்களா? வந்து மருந்து வாங்கலியா அவன்?

— ரிசல்ட் கேக்கவே வரல. ஜன்னல்ல பேர் எழுதற க்ளார்க்குக்கு முகம் ஞாபகம் இல்லை, தினமும் எத்தனை பேர். பேர் வேதாந்தம், இடம் அடையார் ஆத்தோரம்னு மட்டும் சொல்லியிருக்கார். எங்க ஆள் சைக்கிள்ல போய் குடிசை குடிசையா கேட்டாச்சு. அப்படி ஒரு ஆளே இல்லைங்கறாங்க.

— எங்க ஆத்தோரமா? எங்க பக்கமா? வேதாந்தமாவது, கூவமாவது! எங்க பேட்டையில அப்டி ஒரு பேரு கெடையாது. எவனோ வெளியாளு. பொய் அட்ரசு குடுத்துட்டு ஓடிகீறான் கஸ்மாலம். அவன் துப்பினதத்தான் இவ தலையில வச்சிட்டியா நீ?

— ஆமா.

— அவன் மட்டும் எங்கையில கெடைக்கட்டும். ஏம்மா, அவனுக்கு இம்மாம் நோவு கீதுன்னா, அவன் எம்மாம் பேருக்குக் குடுத்துக்கினு சுத்துவான்?

— கூட இருக்கிறவங்களுக்கு. ஒரே குடிசையில, பக்கத்துல படுக்கிறவங்களுக்கு. பெரியவங்க தாங்கினாலும் தாங்குவாங்க. சின்னக் குழந்தை தாங்காது.

— அவன் வூட்ல கொயந்த இருந்தா மொதல்ல அத்த புடுங்கணும்மா. கேக்கவே கூடாது, புடுங்கணும். புடுங்கிக்கினு போயி ஆத்துக்கு அந்தாண்ட வைக்கணும். அவன் வாசல்ல வந்து நின்னான்னா, அழுதாலும் குடுக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணிய தலையில ஊத்தி வெரட்டணும்.

— என் மேல ஊத்தினாப்புலயா மாமா?

— ...இன்னாத்துக்கு அதையே பேசற? ஊத்தினேன். தப்புதான். அதான் இப்ப கொயந்தைய இட்டுக்கினு போன்னு சொல்றேனே. வாக்கு வாக்குதான். நான் பேசறது அந்த வேதாந்தத்தப் பத்தி.

— நானும் அத்தப் பத்தித்தான் பேசறேன். அன்னிக்கி ஜன்னலாண்ட எனக்கு மின்னால நின்னது ஆரு மாமா?

— எவனோ நின்னான். கும்பலு. ஆருக்குத் தெரியும்?

— நான்தான் மொதல்ல நின்னுக்கினு இருந்தேன், கொயந்தைய தூக்கிக்கினு. நீங்க பின்னாலேந்து வந்தீங்க. "மாமனார பின்னால நிக்க வச்சிட்டு மருமவ மின்னால நிப்பாளா"ன்னு நாலு பேரு மின்னால திட்டினீங்க. என்ன தள்ளி பின்னால வுட்டீங்க.

— அது... வழக்கம். ஆரு வூட்லயும் அப்டித்தான். அதுக்கு இன்னா இப்ப?

— பெரியவரே, நீங்களும் அன்னிக்கு எச்சில் குடுத்தீங்களா?

— ஒரு வூட்ல ஒருத்தரு இருமினா எல்லாரும் துப்பணும்னு அந்த க்ளார்க்கு புடிச்சிக்கினான். துப்பினேன். இவளுது இன்னா ஆச்சின்னு கேக்கத்தான் அப்பால வந்தேன். என்னுது எனக்கு எதுக்கு? நான் கல்லாட்டம் கீறேன்.

— வடிவேலுன்னு ஒரு ஸ்லைடு அன்னிக்கு வரவே இல்லையே.

— வராது அக்கா. மாமா அந்தப் பேர சொல்லல.

— இன்னா சொன்னேன்? ஏய், நான் இன்னா சொன்னேன்?

— உங்க பின்னாலதான நின்னேன். வேற பேரு சொல்றாரேன்னு தோணுச்சி. ஐயரு பேரா கீதேன்னு சிரிப்பு வந்துச்சி, முந்தானையால வாய மூடிக்கினேன். ஏன் மாமான்னு கேக்கல. உங்களாண்ட ஒரு கேள்வி கேக்க என்ன வுட்டதே இல்லியே.

— ...கருத்தடை கேம்புக்கு ஆள் புடிச்சிக்கினு இருந்தானுங்கம்மா. கெழவன், கொமரன்னு பாக்காம, பேரு குடுத்தா வூட்டாண்டயே வந்து இழுத்துக்கினு போறானுங்கன்னு சொன்னானுங்க. அதனால எங்க போனாலும் எம் பேர குடுக்கறதில்ல. வாயில எது வருதோ அத்த சொல்லிட்டு வந்துடுவேன். அப்பாலே மறந்துடும். அன்னிக்கி... அன்னிக்கி அந்த ஆழ்வார்பேட்டை பங்களா மொதலாளி பேரு... அவுரு பேரு...

— உக்காருங்க பெரியவரே. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— அவுரு பேரு வேதாந்தம்.

— உக்காருங்க. மருந்து இருக்கு. குணமாகும். இன்னிக்கே ஊசியை ஆரம்பிக்கலாம்.

— எனக்கு வாணாம். என்ன வுடு.

— மாமா, புஷ்பம் ராவுல எங்க படுக்குது?

— கீழ போட்டா கத்துவா. தூளியில போட்டாலும் கத்துவா. எம் மார் மேல குப்புறப் போட்டாத்தான் தூங்குவா. சோத்த வாயில மென்னு ஊட்டினாத்தான் முழுங்குவா. ரெண்டு மாசமா அப்டித்தான். நான் அவள ஒரு ராவு கூட கீழ எறக்கல.

— அக்கா, நான் போறேன். தாயம்மா வூட்லதான கீது? நான் போயி எடுத்துக்கறேன்.

— போ, மேரி. ஓடு. எடுத்துக்கினு நேரா இங்க கொண்டாந்துடு, குப்பத்துக்குப் போவாத. மூணு நாளா எம் பேத்தியும் இருமறா.